உங்கள் மருத்துவமனையில் சிகிச்சைகளின் பலனை ஆய்வு செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு மருத்துவமனையில் பல வருடமாக ஹெர்னியா ஆபரேஷன் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்கு ஹெர்னியா திரும்பி வந்தது என்று அங்கே கேட்டால், "ரொம்பக் கம்மி", "எனக்குத் தெரிந்து ஒன்றிரண்டுதான்" என்ற மாதிரி பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். எத்தனை பேரில், எத்தனை வருடத்துக்குள், யார் பார்த்து உறுதி செய்தார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். யாரும் பொய் சொல்லவில்லை. ஹெர்னியா திரும்பி வந்தவர் இரண்டாவது தடவை வேறு மருத்துவமனைக்குப் போயிருப்பார், அதனால் முதல் டாக்டருக்கு அது தெரியவே தெரியாது.

இந்த இடைவெளியை உங்கள் துறையில், கையில் இருக்கும் கேஸ் ஷீட்டுகளை வைத்து, பெரிய நிதி எதுவும் இல்லாமல் எப்படி நிரப்புவது என்பதுதான் இந்த வழிகாட்டி. ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டிய முதுநிலை மாணவருக்கும், தன் வார்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைக்கும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் இது பொருந்தும். ஒன்றை இப்போதே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஆய்வு நல்லதா கெட்டதா என்பதை முடிவு செய்வது கடைசியில் போடும் புள்ளியியல் கணக்கு இல்லை. யாரையெல்லாம் எண்ணிக்கையில் சேர்த்தீர்கள், யார் விட்டுப்போனார்கள் என்பதுதான்.

நூறு வருடத்துக்கு முன்பே இதற்காக ஒருவர் தன் வேலையையே விட்டார். பாஸ்டன் நகரின் அறுவை சிகிச்சை நிபுணர் எர்னஸ்ட் காட்மன். சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரையும், அந்தச் சிகிச்சை பலித்ததா இல்லையா என்று தெரியும்வரை தொடர்ந்து பார்க்க வேண்டும், பலிக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டும் என்றார். வேலை பார்த்த பெரிய மருத்துவமனை இதை ஏற்கவில்லை, 1914ல் வெளியே வந்தார். தானே நடத்திய சிறிய மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை டிஸ்சார்ஜ் ஆன 337 நோயாளிகளின் முடிவுகளையும், அவர்களின் சிகிச்சையில் நேர்ந்த 123 தவறுகளையும் அச்சிட்டு வெளியிட்டார். கம்ப்யூட்டர் கிடையாது, ஆளுக்கு ஒரு கார்டு, அவ்வளவுதான். இன்று நாம் செய்யப்போவதும் அடிப்படையில் அதே வேலைதான்.

முதல் படி: கேள்வி

"எங்கள் மருத்துவமனையில் குடல்வால் அழற்சிச் (அப்பெண்டிசைட்டிஸ்) சிகிச்சை: ஓர் ஆய்வு" என்பது தலைப்பு மட்டும்தான், அதில் கேள்வி எதுவும் இல்லை. யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவு, எத்தனை நாளுக்குள் என்ற ஐந்தும் ஒரே வாக்கியத்தில் வந்தால்தான் அது கேள்வி. "ஸ்கேனில் உறுதியான, குடல்வால் வெடிக்காத அழற்சியோடு வந்த பெரியவர்களில், ஆன்டிபயாடிக் மட்டும் கொடுக்கப்பட்டவர்களுக்கும் ஆபரேஷன் செய்யப்பட்டவர்களுக்கும் ஒரு வருடத்துக்குள் வந்த சிக்கல்களில் வித்தியாசம் உண்டா?" இப்படி எழுதிவிட்டால் பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்த ஐந்தில் அதிகம் யோசிக்க வேண்டியது எந்த விளைவை அளக்கிறோம் என்பது. ஏன் என்பதற்கு இதே குடல்வால் விஷயத்தில் அருமையான உதாரணம் இருக்கிறது. ஃபின்லாந்தில் 530 பேரை வைத்து நடந்த ஆப்பாக் ஆய்வு 2015ல் வெளிவந்தது. ஆன்டிபயாடிக் பக்கம் போனவர்களில் 27.3 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. ஆபரேஷனுக்கு இணையானது என்று சொல்வதற்கு அவர்கள் முன்கூட்டியே வைத்திருந்த எல்லை 24 சதவீதம், ஆகவே இணை என்று நிறுவ முடியவில்லை. அமெரிக்காவில் 1552 பேரை வைத்து நடந்த கோடா ஆய்வு 2020ல் வந்தது. அதில் ஆன்டிபயாடிக் பக்கம் 90 நாளுக்குள்ளேயே பத்தில் மூன்று பேருக்கு ஆபரேஷன் நடந்தது. ஆனால் அவர்கள் முதன்மையாக அளந்தது 30ஆம் நாளில் நோயாளி எப்படி உணர்கிறார் என்பதை, அதில் ஆன்டிபயாடிக் ஆபரேஷனுக்குக் குறைந்தது இல்லை என்று முடிவு வந்தது. ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு ஆபரேஷனுக்கு வருகிறவர்களின் கணக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே திசையில்தான் இருக்கிறது, தீர்ப்புதான் வேறு வேறு. எது சரி என்று கேட்டால் இரண்டும் சரி, ஏனென்றால் இரண்டு பேரும் தாங்கள் எதை அளக்கப்போகிறோம் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவைத்திருந்தார்கள். தரவைப் பார்த்த பிறகு எது சாதகமோ அதை முதன்மை விளைவாக வைப்பது ஏமாற்று வேலை, வேறு பெயர் கிடையாது.

இரண்டாவது படி: ஆள் போதுமா?

கேள்வி கிடைத்ததும் ஆபரேஷன் தியேட்டர் ரெஜிஸ்டரையும் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறையையும் பாருங்கள். வருடத்துக்கு எத்தனை கேஸ் வருகிறது? அதில் உங்கள் நிபந்தனைகளுக்குள் எத்தனை அடங்கும்? நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும், எப்போதும் அப்படித்தான்.

சிக்கல் விகிதம் 10 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைகிறதா என்று கண்டுபிடிக்க, வழக்கமான கணக்குப்படி ஒவ்வொரு பக்கமும் 430 பேருக்கு மேல் வேண்டும். நாற்பது பேரை இங்கே, நாற்பது பேரை அங்கே வைத்துக்கொண்டு "வித்தியாசம் இல்லை" என்று எழுதுகிற கட்டுரைகள் ஏராளம். வித்தியாசம் இல்லை என்று அவர்கள் காட்டவில்லை, வித்தியாசத்தைப் பார்க்கும் அளவுக்கு ஆள் இல்லை என்பதைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு சின்னக் கணக்கு, எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது. ஒரு ஆபத்தான விளைவு உங்கள் நோயாளிகளில் ஒருவருக்குக்கூட வரவில்லை என்றால், அதன் உண்மையான விகிதம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதை 3ஐ ஆள் எண்ணிக்கையால் வகுத்துத் தெரிந்துகொள்ளலாம். 50 பேருக்குச் செய்தோம், ஒருவர்கூட இறக்கவில்லை என்றால், இறப்பு விகிதம் 6 சதவீதம் வரை இருக்க வாய்ப்பு உண்டு என்றுதான் அர்த்தம். "எங்கள் கையில் இது முற்றிலும் பாதுகாப்பானது" என்று எழுதும் முன் இந்த வகுத்தலை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

ஆள் போதவில்லை என்றால் வழி இல்லாமல் இல்லை. இன்னொரு மருத்துவமனையைச் சேர்த்துக்கொள்ளலாம், காலத்தை நீட்டலாம், அல்லது ஒப்பிடுவதை விட்டுவிட்டு "எங்களிடம் இப்படி நடக்கிறது" என்று நேர்மையாக விவரிக்கும் ஆய்வாக மாற்றிக்கொள்ளலாம். விவரிக்கும் ஆய்வைக் குறைவாக நினைக்காதீர்கள், காட்மன் செய்தது அதுதான்.

மூன்றாவது படி: வரையறைகளை எழுதி வைப்பது

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, ஆனால் எல்லோரும் ஓடிக் கடக்கிற இடமும் இதுதான். "காயத்தில் தொற்று" என்றால் என்ன? கொஞ்சம் சிவந்திருந்தாலே தொற்றா? சீழ் வர வேண்டுமா? டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினாலே கணக்கில் வருமா? எத்தனை நாள் வரை? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வரையறை பொதுவாக 30 நாளையும், செயற்கை மூட்டு, ஹெர்னியா போன்ற சில ஆபரேஷன்களில் ஆழமான தொற்றுக்கு 90 நாளையும் எல்லையாக வைக்கிறது. நோயாளி மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடுகிறார் என்றால், கேஸ் ஷீட்டை மட்டும் பார்த்து தொற்று விகிதம் சொல்வது முப்பதில் மூன்று நாளை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்வதுதான். சீக்கிரம் டிஸ்சார்ஜ் செய்யும் வார்டு தாளில் சுத்தமான வார்டாகத் தெரியும்.

சிக்கல்களின் தீவிரத்தைப் பிரிக்க நீங்களாக "சிறியது, பெரியது" என்று வைத்துக்கொள்ள வேண்டாம். 2004ல் வந்த கிளாவியன்–டிண்டோ வகைப்பாடு இருக்கிறது. அதன் யோசனை எளிமையானது: சிக்கல் எவ்வளவு மோசம் என்று அபிப்பிராயம் சொல்லாதே, அதைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டியிருந்தது என்று பார். விசேஷ மருந்து எதுவும் தேவைப்படாத சின்ன மாற்றம் முதல் நிலை. ஆன்டிபயாடிக்கோ ரத்தமோ ஏற்ற வேண்டியிருந்தால் இரண்டாம் நிலை. மறுபடி தியேட்டருக்கோ எண்டோஸ்கோப்பிக்கோ போக வேண்டியிருந்தால் மூன்று, அதுவும் முழு மயக்கம் தேவைப்பட்டதா இல்லையா என்று இரண்டாகப் பிரியும். உறுப்பு செயலிழந்து ஐசியூ தேவைப்பட்டால் நான்கு. மரணம் ஐந்து. என்ன செய்தார்கள் என்பது கேஸ் ஷீட்டில் இருக்கும், என்ன நினைத்தார்கள் என்பது இருக்காது. பழைய ரெக்கார்டுகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு இந்த வகைப்பாடு இவ்வளவு பொருந்துவது அதனால்தான்.

அடுத்து, பூஜ்ஜியம் நாள். எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறீர்கள்? அட்மிஷன் ஆன நாளா, நோய் உறுதியான நாளா, ஆபரேஷன் நாளா? இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும்போது இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி நாளாக அது இருக்க வேண்டும். இதன் பின்விளைவு பெரியது, கீழே வருகிறேன்.

அப்புறம் எத்தனையில் எத்தனை என்பதில் அந்த "எத்தனையில்" என்கிற எண். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் மருத்துவமனைகள் பற்றி 1863ல் வெளியிட்ட பதிப்பில் ஒரு அட்டவணை உண்டு. லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் 90.84 சதவீதம் என்று அது சொன்னது. நூறில் தொண்ணூறு பேர் செத்துப்போனார்கள் என்பது இல்லை. ஒரு வருடத்தில் இறந்த எல்லோரையும், ஏதோ ஒரு நாளில் உள்ளே படுத்திருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள். அதே இறப்புகளை வருடம் முழுவதும் அட்மிட் ஆனவர்களால் வகுத்தால் விகிதம் பல மடங்கு சுருங்கிவிடும். அன்றே இதைக் கண்டித்து எழுதினார்கள். உங்கள் அட்டவணையில் ஒவ்வொரு சதவீதத்துக்கும் பக்கத்தில் இரண்டு எண்களையும் போடுங்கள், படிக்கிறவர் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

நான்காவது படி: யாருக்கு எந்தச் சிகிச்சை போனது, ஏன்?

சிறுநீரகக் கல் பற்றி 1986ல் வெளிவந்த ஒரு ஒப்பீட்டை இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், மருத்துவ ஆய்வு செய்கிற எல்லோரும் ஒரு தடவையாவது இதைப் பேப்பரில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. திறந்து செய்யும் ஆபரேஷன் 350 பேருக்கு, அதில் 273 பேருக்கு வெற்றி, 78 சதவீதம். முதுகில் சின்னத் துளை போட்டு கல்லை எடுக்கும் முறை இன்னொரு 350 பேருக்கு, அதில் 289 பேருக்கு வெற்றி, 83 சதவீதம். துளை முறைதான் மேல் என்று தோன்றுகிறது, இல்லையா? இப்போது கல்லின் அளவைப் பார்த்துப் பிரியுங்கள். 2 சென்டிமீட்டருக்குக் குறைவான கல்லில் திறந்த ஆபரேஷன் 87ல் 81, அதாவது 93 சதவீதம், துளை முறை 270ல் 234, அதாவது 87 சதவீதம். பெரிய கல்லில் திறந்த ஆபரேஷன் 263ல் 192, அதாவது 73 சதவீதம், துளை முறை 80ல் 55, அதாவது 69 சதவீதம். சின்னக் கல்லிலும் திறந்த ஆபரேஷன் முன்னால், பெரிய கல்லிலும் அதுவே முன்னால், ஆனால் மொத்தத்தில் மட்டும் பின்னால்! காரணம், கஷ்டமான பெரிய கற்களில் பெரும்பகுதி திறந்த ஆபரேஷனுக்கும் எளிய சின்னக் கற்கள் துளை முறைக்கும் போயிருந்தன.

உங்கள் மருத்துவமனையிலும் இதேதான் நடக்கிறது, நடக்கவும் வேண்டும். நல்ல டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு சிகிச்சையைத் தேர்வு செய்ய மாட்டார். வயதானவர், சர்க்கரை நோயாளி, இதயம் பலவீனமானவர் என்றால் ஆபரேஷனைத் தவிர்த்து மருந்து கொடுப்பார். பிறகு அந்த இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஆபரேஷன் செய்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள்" என்று எழுதினால், அவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள் என்பதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே தரவு சேகரிக்கும் முன்பே துறையின் டாக்டர்களோடு உட்கார்ந்து கேளுங்கள்: இந்த நோயாளிக்கு இதைத் தேர்ந்தெடுக்க உங்களைத் தூண்டுவது எது? அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றும் உங்கள் படிவத்தில் ஒரு நிரலாக (மேலிருந்து கீழாகப் போகும் கட்டவரிசையாக) இருக்க வேண்டும். வயது, கூட இருக்கும் நோய்கள், நோயின் கட்டம், ராத்திரி வந்தாரா பகலில் வந்தாரா, எல்லாமே. பதிவு செய்யாததை எந்தப் புள்ளியியலாலும் பிறகு சரிசெய்ய முடியாது.

இப்போது அந்தப் பூஜ்ஜியம் நாள் விஷயம். 1960களின் கடைசியில் இதய மாற்று ஆபரேஷன் தொடங்கியபோது, மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்கள் பொருத்தப்படாதவர்களைவிட அதிக நாள் வாழ்ந்ததாக ஆரம்ப அறிக்கைகள் காட்டின. 1972ல் மிட்செல் கெய்ல் என்ற புள்ளியியல் ஆய்வாளர் ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். மாற்று இதயம் கிடைக்கும்வரை உயிரோடு இருந்தவருக்குத்தானே ஆபரேஷன் நடக்கும்? காத்திருக்கும்போதே இறந்தவர்கள் எல்லோரும் தானாகவே "ஆபரேஷன் செய்யப்படாதவர்" பக்கம் போய் விழுந்துவிடுகிறார்கள். கீமோதெரபி முழுதாக முடித்தவர்களையும் முடிக்காதவர்களையும் ஒப்பிடும்போதும், வார்டில் இருந்து தியேட்டருக்குப் போக ஒரு வாரம் ஆகும் எந்த ஆபரேஷனிலும் இதே பிழை வரும். முடிவு எடுக்கப்பட்ட நாளில் எந்தப் பக்கத்தில் இருந்தாரோ அந்தப் பக்கத்திலேயே நோயாளியை வையுங்கள். லேப்ராஸ்கோப்பியாக (சின்னத் துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) தொடங்கி நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தவர் லேப்ராஸ்கோப்பி பக்கம்தான். ஆன்டிபயாடிக்கில் தொடங்கி மூன்றாம் நாள் தியேட்டருக்குப் போனவர் ஆன்டிபயாடிக் பக்கம்தான். இவர்களை மாற்றி எண்ணினால் ஒரு சிகிச்சையின் தோல்வி எல்லாம் இன்னொன்றின் தலையில் ஏறிவிடும்.

இந்தத் தொல்லைகளில் இருந்து உண்மையாக விடுபட ஒரே வழி குலுக்கல் முறையில் சிகிச்சையைப் பிரித்துக் கொடுப்பது. ஆபரேஷனில் அது முடியாது என்பார்கள். 2002ல் வெளிவந்த ஒரு ஆய்வில், தேய்மானத்தால் முழங்கால் வலி உள்ள 180 பேரைக் குலுக்கி, ஒரு பங்கினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்து அனுப்பினார்கள், நிஜமான ஆர்த்ரோஸ்கோப்பி (மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) செய்யவில்லை. அவர்கள் சம்மதத்தோடுதான். இரண்டு வருடம் பார்த்ததில் நிஜ ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறையவில்லை. பரவலாகச் செய்யப்பட்டு வந்த ஒரு ஆபரேஷன் அது. எல்லா மருத்துவமனையாலும் இப்படிச் செய்ய முடியாது என்பது உண்மை, ஆனால் முடியுமா என்ற கேள்வியையாவது முதல் கூட்டத்தில் கேட்டுவிடுங்கள்.

"புது முறை கொண்டுவருவதற்கு முன், பின்" என்று ஒப்பிடும் ஆய்வு செய்வதானால் கூடுதல் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆபரேஷன் சரிபார்ப்புப் பட்டியல் எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் அறிமுகமானபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009ல் வெளிவந்தது. 2014ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளைப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. பட்டியல் வீண் என்று நான் சொல்லவில்லை, அதை எப்படி நடைமுறைப்படுத்தினார்கள் என்பதில் நிறைய இருக்கிறது. முன்னும் பின்னும் எடுத்த இரண்டு எண்களுக்கு நடுவில் காலமும் ஆட்களும் மற்ற மாற்றங்களும் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்காதீர்கள் என்கிறேன்.

ஐந்தாவது படி: திட்டமும் எத்திக்ஸ் கமிட்டியும்

மேலே சொன்னதை எல்லாம் நான்கைந்து பக்கத்தில் எழுதினால் அதுதான் ஆய்வுத் திட்டம். அதை எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகுதான் முதல் கேஸ் ஷீட்டைத் திறக்க வேண்டும். "பழைய ரெக்கார்டுதானே, யாருக்கும் ஊசி போடப்போவதில்லையே" என்று நினைக்க வேண்டாம். ஒருவர் தன் உடம்பைப் பற்றிச் சொன்னது சிகிச்சைக்காக, ஆய்வுக்காக இல்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒப்புதல் வாங்குவதில் இருந்து விலக்கு வேண்டும் என்றால் அதைக் கமிட்டிதான் தர முடியும், நீங்களே எடுத்துக்கொள்ள முடியாது. குலுக்கல் முறை ஆய்வு என்றால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவு செய்யுங்கள். 2005 முதல் முக்கிய மருத்துவ இதழ்கள், அப்படிப் பதியாத ஆய்வை வெளியிடுவதில்லை என்ற விதியை வைத்திருக்கின்றன.

ஆறாவது படி: படிவம்

ஒரு நோயாளிக்கு ஒரு வரி, ஒரு தகவலுக்கு ஒரு நிரல். "சர்க்கரை, பிபி" என்று ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள். வயதை "40–50" என்று போடாமல் அப்படியே எண்ணாகப் போடுங்கள், தொகுப்பதைப் பிறகு செய்துகொள்ளலாம், தொகுத்ததைப் பிரிக்க முடியாது. பெயரையும் மருத்துவமனை எண்ணையும் தனி ஃபைலில் பூட்டி வைத்துவிட்டு, ஆய்வு ஃபைலில் ஒரு குறியீட்டு எண்ணை மட்டும் வையுங்கள்.

வெற்றுக் கட்டம் ஆபத்தானது. கேஸ் ஷீட்டில் புகைபிடிப்பது பற்றி எதுவும் எழுதப்படவில்லை என்றால் அவர் புகைபிடிக்காதவர் என்று ஆகிவிடாது. "இல்லை" என்பதற்கு ஒரு குறி, "எழுதப்படவில்லை" என்பதற்கு வேறு குறி. எக்செல் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும், தசை வலிமையை 4/5 என்று அடித்தால் அது தேதியாக மாறிவிடும். அது தானாகத் தேதியாக மாற்றும் பழக்கத்தால் 2020ல் சில மனித மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டி வந்தது. கொஞ்சம் கற்றுக்கொள்ள நேரம் இருந்தால் வான்டர்பில்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய ரெட்கேப் போன்ற ஆய்வு மென்பொருள் நல்லது, தவறான மதிப்பை உள்ளே விடாது, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவும் இருக்கும்.

முழுவதையும் தொடங்கும் முன் முதல் இருபது கேஸை இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் நிரப்புங்கள். ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகாத இடம் எல்லாம் உங்கள் வரையறையில் ஓட்டை உள்ள இடம். முடிந்தால் விளைவைப் பதிவு செய்கிறவருக்கு நோயாளி எந்தச் சிகிச்சை பெற்றார் என்பதே தெரியாமல் இருக்கட்டும், ஆபரேஷன் செய்த டாக்டரே தன் முடிவுகளை மதிப்பிடும் ஆய்வை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஏழாவது படி: திரும்பி வராதவர்கள்

நூறு பேருக்கு ஹெர்னியா ஆபரேஷன். வருட முடிவில் எழுபது பேர்தான் வந்தார்கள், அதில் ஏழு பேருக்குத் திரும்பி வந்திருக்கிறது. விகிதம் 10 சதவீதம் என்று எழுதிவிடலாமா? வராத முப்பது பேரும் நலமாக இருந்தால் 7 சதவீதம். முப்பது பேருக்குமே திரும்பி வந்திருந்தால் 37 சதவீதம். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, நீங்கள் எழுதிய 10 அந்த நீளமான கோட்டில் ஒரு புள்ளி மட்டுமே. நன்றாக இருப்பவர் வேலைக்குப் போய்விட்டதால் வரவில்லையா, மனம் நொந்து வேறு டாக்டரிடம் போய்விட்டாரா, இறந்துவிட்டாரா என்பது தெரியாமல் எதையும் சொல்ல முடியாது.

ஆகவே போன் போடுங்கள். நோயாளியோடு வீட்டில் உள்ள ஒருவருடைய எண்ணையும் ஒப்புதலோடு அட்மிஷன் அன்றே வாங்கி வைப்பது மிகப் பெரிய உதவி. ஒரே மாதிரி கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, எல்லோரிடமும் அதே வரிசையில் கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் வேறு நாளில், வேறு நேரத்தில் கூப்பிடுங்கள். எதிர்முனையில் அவர் இறந்துவிட்டார் என்று சொல்லக்கூடும், அதற்கும் தயாராக, பொறுமையாகப் பேசத் தெரிந்த ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் கட்டுரையில் இருக்கும் எல்லா எண்களுக்கும் மதிப்பு இங்கிருந்துதான் வருகிறது. கடைசிவரை கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பதையும், அவர்கள் கிடைத்தவர்களிடம் இருந்து வயதிலோ நோயின் தீவிரத்திலோ வேறுபட்டவர்களா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

எட்டாவது படி: கணக்கு

புள்ளியியல் நிபுணரை இந்தக் கட்டத்தில் முதல் முறையாகச் சந்திக்கிறீர்கள் என்றால் தாமதம், இரண்டாம் படியிலேயே சந்தித்திருக்க வேண்டும். சரி, இங்கே நான் சொல்லப்போவது சில விஷயங்கள் மட்டும்.

மருத்துவமனையில் தங்கிய நாட்களுக்குச் சராசரி போடாதீர்கள், ஐசியூவில் இரண்டு மாதம் இருந்த ஒருவர் எல்லோருடைய எண்ணையும் இழுத்துவிடுவார், நடு மதிப்பை (எல்லா எண்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) போடுங்கள். விளைவு வரும் நேரம் முக்கியம் என்றால், 1958ல் கப்லானும் மையரும் கொடுத்த முறையில் உயிர்வாழ்வு வளைகோடு வரையுங்கள், ஆளுக்கு ஆள் பின்தொடர்ந்த காலம் வேறுபட்டாலும் அது தாங்கும். ஆனால் பாதியில் விட்டுப்போனவர்களும் மற்றவர்களைப் போலத்தான் இருப்பார்கள் என்று அது நம்பிக்கொள்கிறது, ஏழாவது படியைச் சரியாகச் செய்யவில்லை என்றால் அந்த நம்பிக்கை பொய்யாகிவிடும். வயது, நோய்த் தீவிரம் போன்றவற்றைச் சரிக்கட்டும் புள்ளியியல் மாதிரிகளில் (மாடல்களில்) ஒரு காரணிக்குப் பத்து விளைவுகளாவது இருக்க வேண்டும் என்பது தோராயமான விதி. முப்பது இறப்புகளை வைத்துக்கொண்டு பதினைந்து காரணிகளைத் திணித்தால் மென்பொருள் ஏதோ ஒரு விடையைக் கொடுக்கும், அதற்கு அர்த்தம் இருக்காது.

பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லை என்றால், இவ்வளவு வித்தியாசமோ அதற்கு மேலோ தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே வந்ததா என்று மட்டும் பார்ப்பதை விடுங்கள். வித்தியாசம் எவ்வளவு, அதன் நம்பக எல்லை (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பு) எங்கிருந்து எங்கு வரை, நூறு பேருக்குச் செய்தால் எத்தனை பேருக்குக் கூடுதலாகப் பலன், இதுதான் நோயாளிக்கும் டாக்டருக்கும் தேவை.

ஆண்கள், பெண்கள், அறுபதுக்கு மேல், கீழ் என்று வெட்டி வெட்டிப் பார்த்தால் எங்காவது ஒரு இடத்தில் ஏதாவது தென்பட்டே தீரும். மாரடைப்பில் ஆஸ்பிரின் உயிர் காக்கிறது என்று 17,187 பேரை வைத்து 1988ல் காட்டிய ஐசிஸ்-2 ஆய்வுக் குழு இதைப் புரியவைக்கவே ராசிவாரியாகப் பிரித்துக் காட்டியது. மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு மட்டும் ஆஸ்பிரின் பலன் தரவில்லை என்று வந்தது! எந்த உட்பிரிவுகளைப் பார்ப்பீர்கள் என்பதைத் திட்டத்திலேயே எழுதுங்கள், பிறகு தோன்றியதை "பிறகு தோன்றியது" என்று குறிப்பிட்டே எழுதுங்கள்.

ஒன்பதாவது படி: எழுதுவது

ரெக்கார்டுகளை வைத்துச் செய்த ஆய்வுக்கு கட்டுரையில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் என்ற 22 அம்சப் பட்டியல் 2007ல் இருந்து இருக்கிறது, குலுக்கல் ஆய்வுக்கு கன்சார்ட். எழுதி முடித்த பிறகு நிரப்பாமல், பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுங்கள். முதல் படமாக, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் எந்தக் காரணத்தால் விலக்கப்பட்டார்கள், எத்தனை பேர் நடுவில் விட்டுப்போனார்கள், கடைசியில் எத்தனை பேர் கணக்கில் இருக்கிறார்கள் என்ற வரைபடத்தை வையுங்கள். நான் ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் சுருக்கத்துக்கு அடுத்துப் பார்ப்பது அதைத்தான்.

முடிவு உங்கள் துறைக்குச் சாதகமாக இல்லை என்றால் அனுப்பாமல் வைத்துவிடும் ஆசை வரும், துறைத் தலைவரிடம் இருந்து அழுத்தமும் வரலாம். அனுப்புங்கள். நல்ல முடிவுகள் மட்டும் அச்சாகும்போது உலகத்துக்கு அந்தச் சிகிச்சை இருப்பதைவிட நல்லதாகத் தெரிகிறது, அதை நம்பி இன்னொரு நோயாளி மேசையில் படுக்கிறார். திட்டத்தைத் தரவுக்கு முன்பே எழுதிப் பதிவு செய்திருந்தால் இந்த இடத்தில் அது உங்களுக்குப் பாதுகாப்பும்கூட, யாரும் முதன்மை விளைவை மாற்றச் சொல்ல முடியாது.

இதழுக்கு அனுப்பிய கையோடு முடிவுகளை வார்டு நர்ஸ்களுக்கும் தியேட்டர் ஊழியர்களுக்கும் ரெக்கார்ட்ஸ் அறையில் ஃபைல் தேடித் தந்தவர்களுக்கும் ஒரு மதியம் உட்கார்ந்து விளக்குங்கள். எந்தத் தகவல் கேஸ் ஷீட்டில் பாதி பேருக்கு எழுதப்படாமல் இருந்தது என்பதை அப்போதே சொல்லுங்கள். பிறகு அந்த நிரல்களை மட்டும், பத்துப் பன்னிரண்டுக்கு மேல் போகாமல், அட்மிஷன் படிவத்தின் பின்பக்கத்தில் அச்சிடச் சொல்லி, ஒரு வருடம் கழித்துக் கூப்பிட வேண்டிய தேதியையும் டிஸ்சார்ஜ் அன்றே அதில் எழுதிவிடும் பொறுப்பை ஒரு குறிப்பிட்ட ஆளிடம் ஒப்படையுங்கள். அடுத்து வரும் மாணவர் பழைய ஃபைல்களைத் தோண்டாமல், அன்று சேர்ந்த நோயாளியிலிருந்தே எண்ணத் தொடங்கலாம்.